முப்பத்தெட்டு நாள் சாத்திக் கிடந்த வாசல்

நேற்று பேத்தி புதுத் தோல் பை ஒன்று வாங்கி வந்தாள். "நன்னி, மோந்து பாருங்க, ஒரிஜினல் லெதர்" என்று என் மடியில் போட்டாள். மோந்து பார்த்தேன். முகப்பவுடர் வாசம் அடித்தது, மச்சான். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டி வாசம் இல்லை, கடுக்காய் இல்லை, புங்க எண்ணெய் இல்லை. "இது தோலே இல்லடி" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? ஓர் ஐப்பசி மாதம் முழுக்க, அதற்கு மேலும் உங்கள் ஆட்டுத்தோல் கட்டுகளுக்கு நடுவில் படுத்து எழுந்தவள் நான். அன்றைக்கு முந்தானையால் பொத்திக்கொண்டு கிடந்த மூக்கு, நேற்று அந்த வாசத்தைத் தேடியது.

என்னைக் கட்டினவர் நீங்கள் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு வீட்டில் உட்காரவைக்கப்பட்டவள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகத்தில் கோணல் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். "உன்கிட்ட ஒரு சொல்லு சொல்லிட்டா கல்லுல வெட்டின மாதிரி" என்று குறைப்பட்டுக்கொள்வீர்கள். வெட்டினது நீங்கள்தானே.

நயா பைசா வந்த புதுசு அது. அணாவுக்கு எத்தனை பைசா என்று கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே வாடகை இடத்தில் நாலு தொட்டி வைத்து நீங்கள் தோல் பதனிட்டு வந்தீர்கள். விற்பனை வரி மூன்று வருடமாகக் கட்டவில்லை. முதல் வருடம் மதராஸ் தரகன் பணம் தராமல் இழுத்தடித்தான், அதனால் கட்டவில்லை. இரண்டாம் வருடம், முதல் வருடத்தது கட்டாமல் எந்த முகத்தோடு அந்த ஆபீசுக்குப் போவது என்று போகவில்லை. மூன்றாம் வருடம் பயம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் கண்டது பழுப்பு நிறக் கவர்களை மட்டும்தான். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார். நீங்கள் பிரிக்கமாட்டீர்கள். உத்தரத்து இடுக்கில் செருகிவிடுவீர்கள். பிரிக்காத கவர் கடிக்காது என்று எண்ணம்.

"என்ன காகிதம் அது?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"ஆபீஸ் காகிதம். உனக்கெதுக்கு?"

அதுதான் நம் வீட்டு வழக்கம். யாவாரத்தின் நல்லது கெட்டது ஆண்கள் வாசலுக்கு வெளியிலேயே பேசி முடித்துவிடுவார்கள். உங்களைப் பெற்ற மாமியும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். உங்கள் அத்தா மவுத்தாகி அடக்கமான பிறகுதான் அவருக்கு ஒரு புளியந்தோப்பு இருந்து விற்றுப்போன கதையே மாமிக்குத் தெரிந்ததாம்.

கவர்கள் நின்றன. விஷயம் தாசில்தார் ஆபீசுக்குப் போய்விட்டது. நிலத்துக் கிஸ்தி கட்டாதவன் வீட்டில் ஜப்தி செய்வதுபோல இங்கேயும் சரக்கை ஜப்தி செய்து ஏலம் விடுவார்கள் என்று வக்கீல் குமாஸ்தா ஒருவன் உங்களிடம் சொன்னான். பயத்தைச் சொன்னதோடு தந்திரத்தையும் சொல்லிக்கொடுத்தான். தெருக்கதவு சாத்தியிருந்தால் உடைத்து உள்ளே வரமாட்டார்கள். பொழுது விழுந்தால் வரமாட்டார்கள். பெண்கள் புழங்கும் அறைக்குள் நுழையமாட்டார்கள். இந்த மூன்றையும் நீங்கள் ஓதி மனப்பாடம் செய்ததுபோல் பிடித்துக்கொண்டீர்கள்.

ஒரு விடியலில் இரண்டு மாட்டு வண்டி வந்து நின்றது. நான் ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதனிட்டு மடித்த தோல் கட்டு கட்டாக உள்ளே வந்தது. நானும் மாமியும் ஐந்து வயது மகளும் படுக்கிற அறையில் சுவரோடு சுவராக, மேல் கூரை வரை அடுக்கினீர்கள். நம் சொத்து என்று சொல்ல அதுதான் இருந்தது. வீடு மாமி பெயரில். தொட்டி இருந்த இடம் வாடகை. அந்தக் கட்டுகள் போனால் அடுப்பு அணைந்தது. அதைச் சொல்லவேண்டியதில்லை, எனக்குப் புரிந்தது.

"பகல்ல கதவத் தொறக்காதீக. யாரு வந்தாலும் நான் ஊர்ல இல்ல" என்றீர்கள். விடியற்காலைச் சுபுஹு பாங்குக்கு முன்னால் கிளம்பி, செம்பட்டியில் தெரிந்தவர் மண்டியில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது விழுந்து மஃரிபுக்குப் பிறகு வருவீர்கள். நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் எங்களுக்கு வாசலும் திறக்கும். நோன்புக்காவது முப்பது நாள் கணக்கு உண்டு.

ஜப்திக்கு வந்தவர்களில் அதிகாரி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். தினமும் வந்தது ஆபீஸ் சேவகரான டவாலிதான். குறுக்கே பட்டை போட்ட, குஜிலியம்பாறைப் பக்கத்து ஆள். எதிரே மாட்டுத் தண்ணித்தொட்டியின் விளிம்பில் குடையை விரித்துக்கொண்டு உட்காருவார். கதவு எப்போது திறக்கும் என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

"பாயம்மா, பாய் இருக்காரா?"

"இல்ல" என்பார்கள் மாமி, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"எங்க போயிருக்காரு?"

"ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

"போன ஊருக்கு."

குடையை மடக்குகிற சத்தம் கேட்கும். பிறகு, "கதவத் தொறந்து ஒரு சொம்பு தண்ணி குடுங்க, குடிச்சிட்டுப் போறேன்" என்பார்.

"திண்டுக்கல்லுல தண்ணிக்கு எவ கதவத் தொறப்பா? குழாயடிக்குப் போய் வரிசையில நில்லும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வாயைப் பொத்திக்கொள்வேன். ஆனால் அந்தக் குழாய்த் தண்ணீர் பகலில்தான் வரும், மச்சான். நீங்கள் அதை யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொல்லைச் சுவருக்கு மேலே இரண்டு குடம் எடுத்துக் கொடுப்பாள். பத்து நாள் கொடுத்தாள். பதினோராம் நாள், "எங்க வீட்டுக்காரரு சத்தம் போடுறாரு, நமக்கெதுக்கு சர்க்கார் வம்புங்கிறாரு" என்றாள். அவள் பெயரையும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பொழுது சாய்ந்து நீங்கள் வந்து ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றினால்தான் உண்டு. சோற்றுக்கும் தொழுகைக்கு ஒளு எடுக்கவும் போக மிச்சத்தில் மகளின் முகத்தைத் துடைப்பேன். குளிப்பு வாரத்துக்கு ஒன்று.

பிள்ளை முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் கிசுகிசுப்பாகவே பேசக் கற்றுக்கொண்டாள். மரப்பாச்சியைத் தூங்கவைக்கும்போதுகூட, "சத்தம் போடாத, டவாலி உக்காந்திருக்காரு" என்பாள். கேட்டுக்கொண்டு நான் முருங்கைக்கீரை உருவுவேன். தாளிக்கிற ஓசை கேட்டால் நீங்கள் வீட்டில் இருப்பதாக நினைப்பார்கள் என்று வெஞ்சனத்துக்குத் தாளிப்பதையே விட்டுவிட்டேன்.

அப்புறம் மழை பிடித்தது. தோல் வாசம் ஈரத்தோடு சேர்ந்து கிளம்பித் தெருவரை போயிருக்கவேண்டும்.

"தாயி, வீட்டுக்குள்ள ஒரு ஆட்டு மந்தையே படுத்துக் கெடக்குற மாதிரி வாசம் வருதே" என்றார் டவாலி.

"பக்ரீதுக்குப் புடிச்ச ஆடு."

"பக்ரீது போயி நாலு மாசமாச்சேம்மா."

"அடுத்த பக்ரீதுக்கு." மாமி விடுவார்களா.

இருபத்தைந்தாம் நாள் அடிக்கட்டில் கை வைத்தேன். வழவழவென்று இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் வெள்ளையாகப் பூசணம். தோல் யாவாரி பெண்டாட்டி என்று பெயர். அதுவரை ஒரு தோலை நான் தொட்டதில்லை. அன்றிலிருந்து நானும் மாமியும் பழைய சேலையைக் கிழித்துப் புங்க எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தோம். நகமெல்லாம் காவி ஏறியது. மேல்கட்டைத் துடைத்து முடிக்கும்போது அடிக்கட்டு மறுபடியும் வெளுத்திருக்கும். காற்றும் வெயிலும் படாமல் அது நிற்காது என்று எனக்கே புரிந்தது. உங்களுக்குப் புரியாதா?

நீங்கள் வந்ததும் சொன்னேன். "பூசணம் புடிச்சிருச்சு. இப்படியே வச்சா ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"துடைச்சு வை. இன்னும் கொஞ்ச நாளு பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்? அதைச் சொல்லுங்க."

"சொன்னா உனக்கு வெளங்குமா?"

நீலக் கோடு போட்ட கைலி கட்டியிருந்தீர்கள். தட்டில் சுரைக்காய் சால்னா. வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு எவ்வளவோ நல்லது செய்திருக்கிறீர்கள். அதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னால் யோசிக்கவேண்டியிருக்கும். இது யோசிக்காமல் வரும்.

கதவைத் திறந்தால் தோலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். திறக்காவிட்டால் தோல் உள்ளேயே செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். மாமிக்குப் பூசணக் காற்றில் இருமல் பிடித்துக்கொண்டது. முப்பத்தாறாம் நாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்கள்: "ஏம்மா, நான் பகல்ல மவுத்தானா என்ன பண்ணுவீக? மஃரிபு வரைக்கும் மையத்த உள்ளேயே வச்சிருப்பீகளா?"

அவர்கள் முதுகைத் தடவிவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் டவாலியின் காதிலும் விழுந்திருக்கிறது. அன்று அவர் பாய் இருக்காரா என்று கேட்கவில்லை. தாழ்ந்த குரலில், "பெரியம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார். பிறகு என்னிடம் சொன்னார், மூடின கதவைப் பார்த்துத்தான். "தாயி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. கதவச் சாத்திக்கிட்டா வரி வயசாகிச் சாகாது. குட்டி போடும். எங்க ஆபீஸர் தோல வச்சு செருப்பா தைக்கப்போறாரு? இருக்குறதக் காட்டி, மீதிக்குத் தவணை கேட்டு மனுப் போட்டவங்கள நான் பாத்திருக்கேன். பாயி ஒரு தரம் வந்து நின்னாப் போதும்."

அதையும் உங்களிடம் சொன்னேன். "அவன் முன்னாடி நான் கையக் கட்டி நிக்கவா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

முப்பத்தெட்டாம் நாள் புதன்கிழமை. விடியலில் நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வழக்கம்போலக் கிளம்பினீர்கள். வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பினீர்கள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. ஓட்டு இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் அறைக்குள் விழுந்தது. அதில் ஒரு தோலை விரித்துப் பிடித்தேன். கட்டைவிரல் பட்ட இடம் ஈரக் காகிதம்போலக் கிழிந்து வந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் கிழிந்தது.

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடித்தார்கள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினேன். மாமி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னடி?" என்றார்கள். "தொறக்கப்போறேன்" என்றேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. "நல்லாத் தொற. ரெண்டு கதவையும்" என்றார்கள்.

தெருவெளிச்சத்தில் கண் கூசியது. டவாலி எழுந்த வேகத்தில் குடை தண்ணித்தொட்டிக்குள் விழுந்தது. "தாயி, நெசமாத்தானா?" என்றார்.

"ஆபீஸரக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கட்டுக்கு ஒரு கை புடிங்க."

அவர் பிடித்தார். பொம்பளைகள் அறைக்குள் அவர் வரவில்லை. நான் நடைவரை இழுத்துப்போட, அவர் தெருவுக்குக் கொண்டுபோனார். சுவர்மேல், வண்டிமேல், கயிற்றுக் கொடிமேல், எங்கே இடம் இருந்ததோ அங்கே விரித்தோம். தெருவே ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்தது. குடம் தர மறுத்தவளும் பார்த்தாள். இனிமேல் யார் பார்த்தால் என்ன.

அதிகாரி சைக்கிளில் வந்தார். சின்ன வயது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பட்டியல் எழுதினார்.

"பொம்பளைங்க ரூம்ல இருக்கு, வரக்கூடாதுன்னு சொன்னாங்களே?" என்றார்.

"நீங்க வரவேண்டாம். எல்லாம் இங்கதான் கெடக்கு. இது காயணும். காஞ்சாத்தான் உங்களுக்கும் வெல, எங்களுக்கும் வெல."

கொஞ்சம் யோசித்தார். ஏலம் வரைக்கும் சரக்கு வீட்டிலேயே இருக்கட்டும், ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, போனால் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். தவணைக்குத் தனியாக மனுக் கொடுக்கச் சொன்னார். என் பெயரை நாலு எழுத்தாக எழுதினேன். நிக்காஹ் அன்றைக்குக்கூட என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

மஃரிபு பாங்கு கேட்கிற நேரம். தெருமுனையில் லாரிச் சத்தம்.

நம் தெருவுக்கு லாரி வராது. அன்று வந்தது. முன்சீட்டில் நீங்கள். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினீர்கள். சிரித்துக்கொண்டு இறங்கினீர்கள். பிறகுதான் கொடியில் தொங்கிய தோலைப் பார்த்தீர்கள். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

மதராஸில் வேறொரு தரகனைப் பிடித்து, மொத்தச் சரக்கையும் அவன் எடுத்துக்கொள்வதாகப் பேசி, லாரி அனுப்பவைத்து, அதற்காகத்தான் அத்தனை நாள் பொறு பொறு என்றிருக்கிறீர்கள். டிரைவர் தலையை நீட்டி, "பாய், சரக்கு எங்க?" என்றான். நீங்கள் உள்ளே போய்க் காலியான அறையின் நடுவில் உட்கார்ந்தீர்கள். கட்டுகள் இருந்த இடத்தில் தரை சதுரம் சதுரமாகக் காவியேறியிருந்தது.

"ஒரு பொழுது. ஒரே ஒரு பொழுது பொறுத்திருக்கக் கூடாதா" என்றீர்கள்.

"சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

இந்த விஷயமாக நம் ஆயுசில் நாம் பேசியது அவ்வளவுதான்.

ஏலத்துக்குத் தமுக்கு அடித்தார்கள். கெடாமல் தேறியது பாதி. அதைக் குறைந்த விலைக்கு எடுத்தது யார்? உங்கள் அத்தாவின் தம்பியான சாச்சாவின் மகன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உங்களைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்கிற அதே ஆள். "குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்னுதான் எடுத்தேன்" என்று நம் வாசலில் நின்றே சொன்னான். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவன் மையத்துக்கும் போகவில்லை. நீங்கள் இரண்டுக்கும் போனீர்கள். மறுமையில் அல்லாஹ் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மீதிக்குத் தவணை கிடைத்தது. நீங்கள் அந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்றீர்கள். நாலு வருடம், மாதா மாதம், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான்தான் போனேன். ஆண்கள் வரிசையில் தனி ஒருத்தியாக நின்றேன். டவாலி பார்த்தால் ஸ்டூலை இழுத்துப்போடுவார். ஒரு நாள் சொன்னார்: "அந்த லாரி மட்டும் போயிருந்தா, ஜப்திக்கு எழுதின சரக்க ஒளிச்சுக் கடத்துனாருன்னு பாய உள்ள வச்சிருப்பாங்க, தாயி. நீ தொறந்ததுனாலதான் தப்பிச்சாரு."

அந்தச் சொல்லைச் சீனியை மடியில் கட்டிக்கொண்டு வருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்களிடம் சொன்னேன். "அவன் வாங்குற சம்பளத்துக்குப் பேசுறான்" என்றீர்கள். நீங்கள் சொன்னது நிஜமா, அவர் சொன்னது நிஜமா? சட்டம் படித்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவர் சொன்னது பொய் என்றால் எனக்கு நிற்க இடம் இருக்காது.

தொட்டிகளை விட்டுவிட்டீர்கள். அதே செம்பட்டி மண்டியில் கணக்கெழுதப் போனீர்கள். வருடக்கணக்காகக் காவியேறியிருந்த உங்கள் கை மெதுவாக வெளுத்தது. எல்லோருடைய கையும்போல ஆகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நீங்களும் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். கடைசித் தவணை கட்டிவிட்டு ரசீதை உங்கள் முன்னால் வைத்தபோது, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காப்பி இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

திறந்தது தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. தோல் என் கையில் கிழிந்தது. மாமி என் கண் முன்னால் மூச்சுக்குத் திணறினார்கள். மறுபடியும் என்னை அந்தக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தாலும் திறப்பேன். ஆனால் லாரியிலிருந்து இறங்கும்போது சிரித்தீர்களே, அதை மட்டும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. அந்த முப்பத்தெட்டு நாளில் நீங்கள் சிரித்தது அது ஒன்றுதான். என்னிடம் சொல்வதற்காகக் கொண்டுவந்த சிரிப்பு. அது என்னிடம் வந்து சேர்வதற்குள் அணைந்துபோயிற்று.

அன்று விடியலில் நீங்கள் கிளம்பும்போது நான்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றேன். கதவுக்கும் எனக்கும் நடுவில் நாலடி. நீங்கள் சொல்லியிருக்கவேண்டியது இவ்வளவுதான்: "சாயங்காலம் லாரி வருது, பொறுத்திரு." நேற்று பேத்தி போன பிறகு வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தேன், மச்சான். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை.